பாதி வட்டம்

வேனில் ஏறியதும் ருகாயா முதலில் செய்கிற வேலை, தன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைப்பது. ஓட்டுநருக்கு இடது கைப்பக்கம் அவள் இடம். வண்டி ஓட்டும் மாமனார் தாஹிரின் ஜன்னலில் நாள் முழுக்கக் கடல் வரும். அவள் ஜன்னலில் நாள் முழுக்க மலை. தெர்னாத்தே தீவு என்பதே மலைதான். அதன் காலடியில் ஒரு துறைமுகம், ஒட்டிக்கொண்ட வீடுகள், சுற்றிலும் ஒரு சாலை. அந்தச் சாலையில் ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவதுதான் குடும்பத் தொழில்.

இன்று அவள் கண்ணாடியைத் துடைக்கவில்லை. துடைத்தால் மலை தெரியும்.

வீட்டில் இரண்டு வாரமாக யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை. மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகப் போகிறேன் என்று அவள் கணவன் ஹைருன் சொன்ன அன்று, தாஹிர் மீன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். நான் உயிரோடு இருக்கும்வரை என் வீட்டு ஆள் யாரும் அந்த மலையில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னதோடு சரி. அதற்கு மேல் பேச்சில்லை. பேசவும் தேவையில்லை. ஆறு வருஷத்துக்கு முன் மூத்த மகன் மஹ்தி அந்த மலையில் ஏறினான். அன்று மலை சாம்பல் கக்கியது. மஹ்தியின் கைவிளக்கு மட்டும் திரும்பி வந்தது.

ஹைருன் அப்பாவிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று விடியற்காலையில் தாஹிர் சுபுஹு தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். பஸ்தியோங் துறையில் படகு எஞ்சின் பார்க்கப் போவதாகத் தன் தாயிடம் சொன்னான். மனைவியிடம் உண்மையைச் சொன்னான். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஜகார்த்தாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் மலையேற ஆள் கேட்டு வேன் எண்ணுக்குச் செய்தி அனுப்பியபோது, அவர்களுக்கு ஹைருனின் எண்ணைக் கொடுத்ததே ருகாயாதான்.

ஏன் கொடுத்தாள்? இரண்டு நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். தாஹிர் சில சமயம் ஹைருனை "மஹ்தி" என்று கூப்பிடுவார். அவனும் திருத்தாமல் திரும்பிப் பார்ப்பான். கல்யாணமாகி வந்த இந்த இரண்டு வருஷத்தில், தான் கட்டிக்கொண்டவன் தன் பெயரிலேயே வாழவில்லை என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு நாள் அவன் தானாக நடந்து, தானாகத் திரும்பி வரட்டும் என்று நினைத்தாள். நினைத்தபோது அது தைரியம் மாதிரி இருந்தது. இப்போது அப்படி இல்லை.

விருந்தினர்கள் ஐந்து பேர். சுரபயாவிலிருந்து வந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் விபோவோ, அவர் மனைவி எண்டாங், மகாசாரிலிருந்து இரண்டு தோழிகள், கடைசியாக ஓடி வந்து ஏறிய திண்டா என்ற ஜகார்த்தாப் பெண். ஏறும்போதே அவள் சொன்னாள்.

"அக்கா, எங்கண்ணனும் வர்றதா இருந்துச்சு. அவன் ஃபிரெண்டோட மலைக்குப் போயிட்டான். உங்க ஊர்க்காரர்தான் கூட்டிட்டுப் போறார். ஹைருன்னு பேரு. தெரியுமா?"

தாஹிர் வெளியே குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ருகாயா ஒரு நொடி அவர் முதுகைப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு ஹைருன்" என்றாள். "நீ பின் சீட்டுக்குப் போம்மா. அங்கதான் காத்து நல்லா வரும்."

அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி வாயை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிக் கெஞ்சினால் அது ஒரு குற்றம் என்று ஆகிவிடும். ருகாயா இன்னும் அதைக் குற்றம் என்று பெயர் வைத்துக் கூப்பிடத் தயாராக இல்லை.

தாஹிர் பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தார். மலை இடது பக்கம் இருக்கும்படிதான் அவர் கிளம்புவார். ஊரில் மலை உறுமத் தொடங்கினால் பெரியவர்கள் படகுகளில் தீவைச் சுற்றி வந்து துஆ செய்து இறைவனை வேண்டுவது வழக்கம். சுற்றத் தொடங்கிவிட்டால் முடித்துவிட வேண்டும். தாஹிர் அந்த வழக்கத்தைத் தன் வேனுக்கும் வைத்துக்கொண்டார். எது நடந்தாலும் பாதி வழியில் வண்டியைத் திருப்ப மாட்டார்.

இதை விருந்தினர்களிடம் ருகாயா எப்போதும் ஒரு வேடிக்கையாகச் சொல்வாள். இன்றும் சொன்னாள். ஒரு முறை ஒரு பேராசிரியர் கடற்கரையில் தன் மனைவியையே மறந்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். இரண்டு ஊர் தாண்டித்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. தாஹிர் திரும்பவில்லை. முழுத் தீவையும் சுற்றி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து கிளம்பிப் போய் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டார். அதற்குள் அந்த அம்மா நான்கு டம்ளர் இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு, கடைக்காரியோடு சம்பந்தம் பேசும் அளவுக்கு நெருங்கியிருந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எண்டாங் அம்மாள் கணவரின் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "கேட்டுக்கோங்க. நீங்களும் மறக்கிற ஆள்தான்."

"மறந்தா இஞ்சித் தண்ணி கிடைக்கும்ல" என்றார் விபோவோ.

தாஹிரும் லேசாகச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்க்க ருகாயாவுக்குப் பயமாக இருந்தது.

தொலுக்கோ கோட்டையில் வழக்கமாக அவர் கீழேயே இருந்துவிடுவார். இன்று பின்னாலேயே மேலே ஏறி வந்தார். மதில் ஓரம் விருந்தினர்கள் துறைமுகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ருகாயாவின் அருகில் வந்து நின்று, கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஹைருன் எங்க போறேன்னு சொன்னான்?"

"பஸ்தியோங்குக்கு, பாபா. எஞ்சின் பாக்க."

"போன் எடுக்கல."

"எஞ்சின் சத்தத்துல கேட்டிருக்காது."

அவர் தலையாட்டினார். பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் ருகாயாவின் காது சூடானது. ஒரு மனிதன் நம்பும்போது பொய் சொல்பவருக்கு ஏற்படும் வலியை அவள் இதுவரை அறிந்ததில்லை. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டைக்காவது ஒரு கதவு திறந்திருக்கும்.

அடுத்து கருகிய பாறைகள். எந்தக் காலத்திலோ மலையிலிருந்து வழிந்த நெருப்பு கடல்வரை வந்து உறைந்து கிடக்கும் கறுப்பு வெளி. மகாசார்த் தோழிகள் பாறைமேல் ஏறி நின்று ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். மறுபடி இப்படி வழியுமா என்று விபோவோ கேட்டார். அதற்கு அவளிடம் நிரந்தரமான ஒரு பதில் உண்டு.

"எங்க மலை கோபக்காரர் ஐயா. ஆனா மரியாதை தெரிஞ்சவர். சொல்லிட்டுத்தான் கோபப்படுவார்."

சொல்லி முடித்ததும் அவள் கண் மாமனாரைத் தேடியது. தாஹிர் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். தினமும் அப்படித்தான் வைப்பார், உடனே எடுத்துவிடுவார். இன்று எடுக்கவில்லை. அவர் கைக்கு ஏதாவது தெரிகிறதா என்று ருகாயா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாபா?"

"ஒண்ணுமில்ல. வெயில் ஏறிடுச்சு. போலாம்."

பின்னால் திண்டா வானத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பியிருந்தாள். உச்சியில் எப்போதும் இருக்கும் வெள்ளைப் புகை இன்றும் இருந்தது. கொஞ்சம் தடிப்பாக இருந்ததா? இல்லை, தன் கண்தான் என்று ருகாயா சொல்லிக்கொண்டாள். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டது அன்று எத்தனையாவது முறை என்று தெரியவில்லை.

சுலமடஹா கடற்கரையில் சித்தி என்பவளின் கடை. வாழைப்பழ வறுவல், அதற்குத் தொட்டுக்கொள்ளக் காரமான மிளகாய்ச் சட்னி, பாதாம் மாதிரியான பருப்பு மிதக்கும் இஞ்சித் தண்ணீர். நீண்ட மேசையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். விபோவோ ஒரு துண்டை மிளகாயில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். பழத்துக்குப் போய் யாராவது மிளகாய் வைப்பார்களா என்று எண்டாங் அம்மாள் கேட்டாள். வைக்காமல் எப்படித் தின்பது என்று சித்தி திருப்பிக் கேட்டாள்.

திண்டாவின் போன் ஒலித்தது.

"எங்கண்ணன் படம் அனுப்பியிருக்கான். காலைல எடுத்தது, இப்பதான் வந்திருக்கு. பாருங்க, மூஞ்சி எப்படி வேர்த்திருக்கு."

போன் கை மாறத் தொடங்கியது. முதலில் மகாசார்த் தோழிகள். பிறகு எண்டாங் அம்மாள், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, பையன் நல்ல லட்சணம் என்றாள். பிறகு விபோவோ. ருகாயா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எட்டி வாங்கிவிடலாம் என்று கையை நீட்டினாள். விபோவோ அதைப் பார்க்காமல் தன் அடுத்த ஆளிடம் கொடுத்தார். அடுத்த ஆள் தாஹிர்.

அப்போதுதான் மலை வெடித்தது.

பெரிய சரக்குக் கப்பலின் கதவு ஒன்றைக் கீலோடு பெயர்த்துப் போட்டதுபோல ஒரு சத்தம். டம்ளர்களில் இஞ்சித் தண்ணீர் நடுங்கியது. எல்லோரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வெட்டவெளிக்கு ஓடினார்கள். உச்சியிலிருந்து சாம்பல் நிறத் தூண் ஒன்று எழுந்து, மேலே போய்க் குடை விரித்து, மெல்ல மெல்ல நகரத்தின் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

ருகாயாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. படத்தை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான் தோன்றியது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு அந்தத் தூணுக்குக் கீழே யார் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. தன் மனம் எதை முதலில் எண்ணியது என்பதும் கூடவே வந்தது. 

திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாஹிர் மட்டும் மேசையிலிருந்து எழவேயில்லை. அவர் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் திண்டாவின் அண்ணனோடு ஹைருனும் இருந்தான்.

திண்டா அழத் தொடங்கியிருந்தாள். தாஹிர் அவளைக் கூப்பிட்டு, இது எந்த இடம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று மென்மையாகக் கேட்டார். சட்டை நுனியால் போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அதன் பிறகுதான் மருமகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும், பாபா."

"ஆள் பிடிச்சுக் கொடுத்தது யாரு?"

அந்தக் கேள்வியில் ஒரு சின்ன வழி இருந்தது. யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். காலையிலிருந்து அவள் அப்படிப்பட்ட வழிகளில்தான் நடந்துகொண்டிருந்தாள்.

"நான்தான்."

திட்டுவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் தான் கோபம் என்று நினைத்தது கோபமே இல்லை என்று ருகாயாவுக்கு அப்போது புரிந்தது. இந்த மனிதர் ஆறு வருஷமாகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். தட்டைத் தள்ளியதும் பயம்தான். மகனைப் பேர் மாற்றிக் கூப்பிட்டதும் பயம்தான்.

அவள் ஹைருனின் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்.

"எல்லாரையும் ஏறச் சொல்லு" என்றார் தாஹிர். "சுத்தி முடிச்சு, அந்தப் பக்கமா மோயாவுக்குப் போவோம்."

மலைப்பாதை தொடங்கும் கிராமம் மோயா. அது நகரத்துக்கு மேலே இருந்தது. வந்த வழியே திரும்பினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். முன்னே போய்த் தீவைச் சுற்றினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

"சுத்தியா? பாபா, திரும்பினா சீக்கிரம் போயிடலாமே."

"அன்னிக்கும் அப்படித்தான் நெனச்சேன்." குரல் சாதாரணமாக இருந்தது. "மஹ்தி போன அன்னிக்கு நான் ரூவா ஊருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். வண்டி நிறைய ஆளு. சத்தம் கேட்டதும் யார்கிட்டயும் கேக்காம வண்டியைத் திருப்பினேன். வேகமா போகணும்னு திருப்பினேன். என்ன ஆச்சு?"

மலைக்கு வண்டியும் தெரியாது, சாலையும் தெரியாது என்று ருகாயா சொல்லியிருக்கலாம். அவள் கல்லூரியில் படித்தவள். பாறை, வாயு, அழுத்தம் என்று விருந்தினர்களுக்கு நாள்தோறும் விளக்குகிறவள். ஆனால் அவளும் இந்த மலையின் காலடியில் பிறந்தவள். திரும்பி, அதன் பிறகு ஏதாவது நடந்துவிட்டால்? அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல.

"திரும்பாம போனா, நேரமாயிடுமே பாபா" என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்."

அவர் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்தார். அந்தச் சாவியை அவர் யார் கையிலும் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் தலையணைக்குக் கீழே இருக்கும். அதை வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ திருப்பு. உனக்கு ஓட்டத் தெரியும். நான் சாயங்காலம் தொழப் போற நேரம் பாத்து ஹைருன் உனக்குச் சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கிளட்ச் வாசனை போக ரெண்டு நாளாச்சு."

"நீங்க?"

"நான் இந்தப் பக்கமா வரேன். வட்டத்தை நான் மூடிடறேன். உனக்கு வேகம் வேணும், போ. எனக்கு இது வேணும்."

சித்தியின் கணவர் தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எதுவும் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் மஹ்தியைத் தெரியும். தாஹிர் அதில் ஏறி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மேற்கே போனார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று நகரத்தின் பக்கம் வீசியதால் இந்தக் கடற்கரையில் சாம்பல் விழவில்லை. வயதானவர்களைச் சாம்பலுக்குள் கூட்டிப் போவதைவிட இங்கேயே விடுவது நல்லது என்று ருகாயா முடிவு செய்தாள். மகாசார்த் தோழிகளும் இருக்கிறோம் என்றார்கள். பயப்படாதே, நாங்கள் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்றார் விபோவோ. அவருக்கும் குரல் சரியாக வரவில்லை. எண்டாங் அம்மாள் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ருகாயாவின் கையில் திணித்தாள். "மூக்குல கட்டிக்கோ, தங்கச்சி."

திண்டா கேட்காமலேயே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

வேன் திரும்பியது. சக்கரம் வட்டமடித்து மறுபக்கம் நேரானபோது ருகாயா கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை. மலை இப்போது வலது பக்கம். ஓட்டுநர் இருக்கையும் வலது பக்கம். இடம் மாறி உட்கார்ந்தும் மலை அவள் ஜன்னலிலேயே வந்தது.

கருகிய பாறைகளைத் தாண்டியதும் வெயில் அணைந்தது. முதலில் மெல்லிய மாவு மாதிரி ஏதோ கண்ணாடியில் படிந்தது. பிறகு மழை மாதிரியே விழுந்தது, நனைக்காமல். துடைப்பானைப் போட்டாள். அது கண்ணாடியைக் கீறியது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். சாலையோரத்தில் காயப் போட்டிருந்த கிராம்பைப் பெண்கள் பாயோடு சுருட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கிராம்பு வாசனையும் கந்தக நெடியும் சேர்ந்து வண்டிக்குள் வந்தன.

"அக்கா, அந்த ஹைருன் உங்களுக்கு யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

திண்டா ருகாயாவின் பக்கம் திரும்பினாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தாள் ருகாயா. காலையிலேயே சொல்லியிருக்கலாமே, அண்ணனைத் தடுத்திருப்பேனே என்று கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"அவர் நல்லவர்னு எங்கண்ணன் மெசேஜ்ல போட்டிருந்தான்" என்றாள் திண்டா. "தண்ணி தீர்ந்தா தன் தண்ணியக் கொடுக்கறாராம்."

ருகாயா சாலையையே பார்த்தாள். பதில் சொன்னால் கண்ணீரில் சாலை தெரியாமல் போய்விடும்.

மோயாவில் மதியமே இருட்டிக் கிடந்தது. காவல் குடிலுக்கு முன் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். மேலே ஏற யாரையும் விடுவதில்லை, மீட்புக் குழு நகரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது என்று குடில்காரர் சொன்னார். வேலியோரம் ஹைருனின் மோட்டார் சைக்கிள். இருக்கைமேல் விரல் தடிமனுக்குச் சாம்பல். கைப்பிடியில் தலைக்கவசம் தொங்கியது. அதற்குள்ளும் சாம்பல் நிறைந்திருந்தது. ருகாயா அதை எடுத்துக் கவிழ்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் வந்தால் உடனே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுபோல உள்ளங்கையால் உள்புறத்தைத் துடைத்தாள்.

கிராம்பு மரங்களுக்கு இடையே ஏதோ அசைந்தது. ஒரு உருவம் இறங்கி வந்தது. முகம், முடி, சட்டை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கண்கள் மட்டும் சிவப்பு. உயரத்தை வைத்துப் பார்த்தபோது ஹைருன் மாதிரியே இருந்தது. ஆனால் "பாயு" என்று கத்திக்கொண்டு ஓடியது திண்டா.

அவளுடைய அண்ணன். திண்டா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ருகாயா இரண்டு அடி தள்ளி, தலைக்கவசத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் பின்னால் வேறு யாரும் வரவில்லை.

அப்போது மறுபக்கச் சாலையிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. தாஹிர் இறங்கினார். அவ்வளவு சீக்கிரம் அவர் எப்படி வந்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வழியில் எங்கோ விழுந்திருக்கிறார், எழுந்து வந்திருக்கிறார். வட்டம் மூடிவிட்டது.

பாயு இருமி இருமிச் சொன்னான். வாயு நாற்றம் வந்தபோதே ஹைருன் இறங்கச் சொல்லிவிட்டார். வேகமாக இறங்கினார்கள். பாதி வழியில் வெடித்தது. இருட்டில் நண்பன் அர்யாவைக் காணவில்லை. கூப்பிட்டால் எங்கோ பக்கவாட்டில் குரல் கேட்டது. இந்தத் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கு, எக்காரணம் கொண்டும் நிற்காதே என்று தன்னை அனுப்பிவிட்டு ஹைருன் மட்டும்...

அவன் நிறுத்தினான். இருமல்.

"ஹைருன் மட்டும்?" என்றார் தாஹிர்.

"திரும்பிப் போனார்."

 ருகாயா மாமனாரின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். சுலமடஹாவில் நடுங்கிய கைகள் இப்போது நடுங்கவில்லை.

"பாதை ரெண்டாப் பிரியற இடமா?" என்று கேட்டார். "ஊத்துக்குப் போற பக்கம் திரும்பினானா, வறண்ட பள்ளத்துப் பக்கமா?"

"பள்ளம்தான்."

மஹ்தியின் கைவிளக்கு கிடைத்தது அந்தப் பள்ளத்தில். தாஹிர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். கால்சட்டை நுனியை மடித்துக் காலுறைக்குள் செருகினார். குடில்காரர் ஓடி வந்து குறுக்கே நின்று, ஐயா, வேண்டாம், மீட்புக் குழு வந்துகொண்டிருக்கிறது என்றார்.

"அவங்களுக்கு அந்தப் பள்ளம் தெரியாது, தம்பி. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று ருகாயா கேட்க வாயெடுத்தாள். கேட்குமுன்னே பதில் தெரிந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை, மஹ்தியின் நினைவு நாளுக்கு முந்தைய நாள், கிராம்புத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று தாஹிர் கிளம்புவார். மாலையில் முழங்கால்வரை சிவப்பு மண்ணோடு வருவார். கிராம்புத் தோட்டத்து மண் கறுப்பு. துணி துவைத்தவள் அவள்தான். மாமியார்கூட ஒரு முறை, இந்த மனுஷன் எங்கே போய்ப் புரண்டுவிட்டு வருகிறார் என்று முணுமுணுத்தாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொன்ன மலையில், அவர் தனியாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எண்டாங் அம்மாளின் ஈரத் துணி இன்னும் அவள் கழுத்தில் இருந்தது. அதை அவிழ்த்து அவர் முகத்தில் கட்டினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை அவள் தொட்டதில்லை. முடிச்சுப் போடும்வரை அவர் பிள்ளை மாதிரி நின்றார். பிறகு அவள் சாவியை நீட்டினாள்.

"உன்கிட்டயே இருக்கட்டும். வண்டிய மலையப் பாத்து நிறுத்து. விளக்கைப் போடு. ஹாரனை அடி, நிறுத்து. அடி, நிறுத்து. சாம்பலுக்குள்ள கண்ணு எதுக்கும் உதவாது. காதுதான் வழி. நிறுத்தற நேரத்துல நல்லாக் கேளு."

"பாபா, நீங்க திரும்பி வரணும்."

அவர் நடக்கத் தொடங்கினார். மரங்களுக்கிடையே நான்கு எட்டு வைத்ததும் சாம்பல் அவரை மூடிக்கொண்டது.

ருகாயா வேனை மலைக்கு நேராகத் திருப்பினாள். விளக்கு வெளிச்சம் பத்தடி போய்ச் சுவரில் மோதியதுபோல நின்றது. ஹாரனில் உள்ளங்கையை வைத்தாள். துறைமுகத்திலும் தெருவிலும் ஆயிரம் முறை கேட்ட ஒலி, இங்கே யாரோ கதறுவதுபோல் கேட்டது. நிறுத்தினாள். சாம்பல் இலைகளில் விழும் ஓசை. மறுபடி அடித்தாள். நிறுத்தினாள். மலைக்குள் எங்கோ ஒரு நீண்ட உறுமல். வண்டியின் தரை அதிர்ந்தது. திண்டா அவள் தோளைப் பற்றிக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மறுத்தாள். மீட்புக் குழு வழியில் மரம் விழுந்து நிற்பதாக யாரோ சொன்னார்கள். மாமியாரின் அழைப்பு போனில் வந்துகொண்டே இருந்தது. எடுத்து என்ன சொல்வது? அடி, நிறுத்து, கேள். அந்த மூன்றைத் தவிர உலகத்தில் வேறு வேலை இல்லாததுபோல இருந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ஒருமுறை கையை எடுத்தபோது, மேலே, வலது பக்கத்தில், மிக மெல்லிதாக ஒரு விசில்.

"கேட்டுச்சா அக்கா?"

கேட்டது. விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில். அந்தக் குடும்பத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான் அடிப்பார்கள். மஹ்தியும் அப்படித்தான் அடிப்பானாம்.

ருகாயா ஹாரனிலிருந்து கையைத் தூக்கியபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மேலே மூன்று பேர் இருந்தார்கள். விசில் அப்பாவுடையதா, மகனுடையதா? இரண்டாவது விசில் வரவில்லை.